கண்டம் கடந்த கால்கள்



'பிழைப்பு எப்படி ஓடுகிறது?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது நம் வழக்கம். குடும்பம் ஓடுகிறது என்கிறோம். கடை ஓடுகிறது என்கிறோம். வயிற்றுப்பாட்டையும் ஓட்டத்தையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது நம் மொழி. பயணம் என்னும் பொதுப்பொருளில் எனக்கு முன்னர் பேசியவர்கள் கப்பலையும் புகைவண்டியையும் பற்றி அழகுறச் சொன்னார்கள். நான் ஒரு கண்டத்தைக் கரையிலிருந்து கரைவரை ஓடியே கடந்த மனிதர்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

1928ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மோட்டார் பந்தயத் திடல் ஒன்றில் 199 ஆடவர் திரண்டு நின்றனர். அங்கிருந்து கிழக்குக் கரையிலுள்ள நியூயார்க் நகரை ஓடி அடைய வேண்டும். தொலைவு 3,423 மைலுக்குச் சற்று மேல். நம் கணக்கில் ஏறத்தாழ 5,510 கிலோமீட்டர். நாள்தோறும் காலையில் எல்லோரும் ஒருங்கே புறப்படுவார்கள். குறித்த ஊரை அடைய எடுத்துக்கொண்ட நேரம் ஒவ்வொருவர் கணக்கிலும் எழுதப்படும். நள்ளிரவுக்குள் வந்து சேராதவர் விலக்கப்படுவார். கடைசியில் யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு 25,000 டாலர். இரண்டாமவருக்கு 10,000, மூன்றாமவருக்கு 5,000 என்று பத்தாம் இடம்வரை பரிசு உண்டு.

இதை நடத்தியவர் சார்லஸ் பைல் என்னும் விளையாட்டு முகவர். கால்பந்து வீரர் ரெட் கிரேஞ்சையும் டென்னிஸ் அரசி சுசான் லாங்லனையும் பணத்துக்கு ஆட வைத்தவர் இவரே. வழியிலுள்ள ஊர்கள், தம் ஊரில் ஓட்டக்காரர்கள் இரவு தங்குவதற்காகத் தமக்குப் பணம் கொடுக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. அப்போதுதான் பெயர் சூட்டப்பட்டிருந்த 66ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் இதனால் நல்ல விளம்பரம். கூடவே ஒரு கேளிக்கைக் கூட்டமும் பயணம் செய்தது. அதில் காட்சிப் பொருளாக ஒரு பிணம் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1911இல் ஓக்லஹோமாவில் சுட்டுக்கொல்லப்பட்ட எல்மர் மக்கர்டி என்னும் கொள்ளையனின் பதப்படுத்திய உடல் அது. அந்த உடலுக்கு 1977இல்தான் அடக்கம் கிட்டியது. உயிருள்ளவர்கள் ஓடிக் கொண்டிருக்க, உயிரற்றவன் வண்டியில் வந்து பைலுக்குச் சம்பாதித்துக் கொடுத்தான். இவ்வளவு கூர்மையான அங்கதத்தைக் கற்பனையில் எழுதினால் நம் விமரிசகர்கள் 'மிகை' என்று ஒதுக்கியிருப்பார்கள்.

பைல் குளியல் வசதி கொண்ட சொகுசுப் பேருந்தில் பயணம் செய்தார். ஓடியவர்கள் கூடாரங்களில் படுத்தார்கள். உணவு மோசம் என்ற முறையீடு வழிநெடுக ஒலித்தது. மொஹாவி பாலைவனத்தின் வெயில், அதன்பின் அரிசோனாவின் மலைமேடுகள், மண்சாலையின் புழுதி எல்லாம் சேர்ந்து முதல் சில வாரங்களிலேயே பாதிப்பேருக்கு மேல் கழித்துவிட்டன. நாளொன்றுக்குச் சராசரி 65 கிலோமீட்டர். 70 மைலைத் தாண்டிய நாளும் உண்டு. கால் கொப்புளங்களைக் கேலி செய்து பத்திரிகைகள் இந்தப் பந்தயத்துக்கு ஒரு பட்டப்பெயரும் சூட்டின. கொப்புளம் யார் காலில் என்பதைப் பொறுத்தது நகைச்சுவை.

ஏன் ஓடினார்கள் என்பதுதான் என்னை ஆட்கொண்ட கேள்வி. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே ஓடுவோர் காசு வாங்கலாகாது, வாங்கினால் இழுக்கு. கையில் காசுள்ளவர்கள் வகுத்த ஒழுக்கம் அது என்பது என் எண்ணம். பைலின் ஓட்டத்துக்கு வந்தவர்களில் மிகப் பலருக்கு அந்த ஒழுக்கம் கட்டுப்படியாகாது.

ஆண்டி பெய்ன் என்னும் இளைஞனைப் பாருங்கள். ஓக்லஹோமாவின் ஃபாயில் என்னும் சிற்றூரில் பிறந்த செரோக்கிப் பழங்குடியினன், வயது இருபது. தந்தையின் நிலம் அடமானத்தில் இருந்தது. அதை மீட்க அவனிடம் இருந்த ஒரே முதல் அவனுடைய கால்கள். நிலத்தை ஈடு வைத்துவிட்டு வட்டிக்கு உழைப்பவனின் நிலையை இந்த அவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவனோடு ஓடியவர்களில் ஒருவர், நாற்பத்து நான்கு வயது ஆர்தர் நியூட்டன். இங்கிலாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் பண்ணை வைத்திருந்தவர். அவரையும் ஓட வைத்தது நிலந்தான். தம் பண்ணையைச் சூழ்ந்த பகுதியைக் கறுப்பின மக்களுக்கென அரசு ஒதுக்கியதால் பண்ணையின் மதிப்புக் கெட்டது, ஆகவே இழப்பீடு வேண்டும் என்பது அவருடைய வழக்கு. அரசு செவிசாய்க்கவில்லை. பெயர் பெற்றவன் பேச்சு எடுபடும் என்று எண்ணி ஓடத் தொடங்கினார். காம்ரேட்ஸ் என்னும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட்டத்தை 1922இல் தம் முப்பத்தொன்பதாம் வயதில் வென்றார்; பின்னரும் நான்கு முறை வென்றார். அவருடைய குறையில் எனக்குப் பரிவில்லை. கறுப்பின மக்கள் அண்டையில் குடியேறுவதை இழப்பாகக் கருதிய குறை அது. ஆனால் விரைவை அடக்கி, மூச்சிரைக்காமல், நாள் முழுதும் ஒரே சீராக ஓடும் முறையை உலகுக்குக் கற்பித்தவர்களில் அவர் முதன்மையானவர் என்பதை மறுப்பதற்கில்லை. தொடக்கத்தில் முன்னணியில் இருந்த அவர், குதிகால் நரம்பு பழுதுபட்டு அரிசோனாவிலேயே விலக நேர்ந்தது.

இதே சாலையில் எட்வர்டு கார்ட்னர் என்னும் கறுப்பின வீரரும் ஓடினார். சியாட்டில் நகரத்தவர், தலையில் வெள்ளைத் துணி கட்டி ஓடுவதால் 'ஷேக்' என்று அழைக்கப்பட்டவர். டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் வெள்ளையரை முந்தினால் உயிர் போகும் என்று அவரை மிரட்டினார்கள். ஒருவன் கோவேறு கழுதையில் பின்தொடர்ந்து, அவர் முதுகை நோக்கித் துப்பாக்கியை நீட்டியபடியே வந்தான் என்று அந்த ஓட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். மற்றவர்கள் தொலைவோடும் களைப்போடும் போராட, இவர் வேகத்தை அடக்கிக்கொள்ளும் கொடுமையையும் சேர்த்துச் சுமந்தார். அப்படியும் எட்டாமவராக வந்து ஆயிரம் டாலர் பெற்றார். தடையின்றி ஓடியிருந்தால் எத்தனையாவதாக வந்திருப்பார் என்பதை எந்தக் கடிகாரமும் சொல்லப் போவதில்லை.

ஓஹையோ மாநிலம்வரை முன்னணியில் இருந்தவர், கப்பலில் பணியாளராக இருந்த இங்கிலாந்துக்காரர் பீட்டர் கவூசி. பல மணி நேரம் முந்தியிருந்தார். பல்லில் சீழ் பிடித்து உணவு உட்கொள்ள இயலாமல் விலகினார். ஆயிரக்கணக்கான மைல் கடந்த கால்களை ஒரு பல் நிறுத்திவிட்டது.

மே 26ஆம் நாள், 84 நாள்களுக்குப் பிறகு, 55 பேர் நியூயார்க்கை அடைந்தார்கள். மாடிசன் சதுக்க அரங்கில் இறுதிச் சுற்றுகளைக் காண வந்த கூட்டம் சொற்பம். ஆண்டி பெய்ன் 573 மணி 4 நிமிடம் 34 வினாடியில் முடித்து முதலிடம் பெற்றான். இரண்டாமவரான ஜானி சாலோ அவனுக்குப் பதினைந்து மணிக்கு மேல் பிந்தி வந்தார். பைலுக்குப் பெருநட்டம், ஆனாலும் பரிசுத் தொகை கொடுக்கப்பட்டது. ஃபாயில் ஊர் நிலம் மீண்டது. பெய்ன் அதன்பின் பந்தயம் எதிலும் பெரிதாக நாட்டம் கொள்ளவில்லை. 1934இல் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றத்தின் எழுத்தர் பதவிக்குத் தேர்தலில் நின்று வென்று, முப்பத்தெட்டு ஆண்டு அப்பதவியில் இருந்தார்.

பைல் ஓயவில்லை. 1929இல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்கு எதிர்த்திசையில் ஓட வைத்தார். இதற்கும் முதற்பரிசு 25,000 டாலர் என்று அறிவிப்பு. கவூசியும் சாலோவும் நாடு முழுவதும் மாறிமாறி முந்தினார்கள். கடைசி நாள்வரை கவூசியே முன்னணி. கடைசி நாளில் சாலோ அதைக் கரைத்துவிட்டார். ஐந்நூற்று இருபத்தைந்து மணிநேரத்துக்கு மேல் ஓடிய பின் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 2 நிமிடம் 47 வினாடி! முடித்தவர்கள் 19 பேர்.

இந்த முறை பைலிடம் பணமில்லை. அறிவித்த பரிசு வென்றவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. வரப்பில் நின்று, நாளை வா என்று சொல்லும் மிராசுதாரை நம் கதைகளில் எத்தனை முறை சந்தித்திருக்கிறோம்! அந்தப் பத்தொன்பது பேரும் வேலையை முடித்துவிட்டுக் கூலிக்கு நின்றவர்கள். அவர்களுடைய பொறுமையைப் புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. அந்தப் பொறுமையைவிட அவர்களுக்கு வரவேண்டிய பாக்கியே என் நெஞ்சில் நிற்கிறது.

ஜானி சாலோவுக்கு 1928 ஓட்டம் ஒரு வேலையைத் தேடித் தந்திருந்தது. அவர் வாழ்ந்த நியூ ஜெர்சி மாநிலத்துப் பசேய்க் நகரம் அவரைக் காவலராக அமர்த்திக்கொண்டது. 1931இல் பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றபோது பந்து தலையில் பட்டு இறந்தார். 1929ஆம் ஆண்டுப் பரிசு அப்போதும் பாக்கிதான்.