கேமராவைக் கேட்காதீர்கள், திசைகாட்டியைக் கேளுங்கள்!



லகாட் போன்ற ஒரு சிற்றூரில் வசிக்கும் குடும்பம், வானத்தில் செல்லும் துணைக்கோளத்தைத் தேடிப் பார்க்க ஆசைப்பட்டால் எப்படிப்பட்ட திறன்பேசியை வாங்க வேண்டும்? இதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பத்தின் சில மாதச் சேமிப்பும், ஒரு பிள்ளையின் அறிவியல் ஆர்வமும் இருக்கின்றன. தவறான பொருளை வாங்கிவிட்டால் இரண்டுமே வீணாகிப் போகும்.

நம் நாடு விடுதலை பெற்றது 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள். அதற்கு 34 நாள் கழித்து, அக்டோபர் 4ஆம் நாள், ஸ்புட்னிக் என்ற முதல் துணைக்கோளம் விண்ணுக்குச் சென்றது. ஏறக்குறைய இந்நாட்டின் வயதுதான் விண்வெளி யுகத்திற்கும்! 2000ஆம் ஆண்டில் நமது தியோங்சாட் பறந்தது. 2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முஸாபார் சுக்கோர் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குச் சென்று வந்தார். அவர் தங்கியிருந்த அந்த நிலையம் இன்றும் நம் தலைக்கு மேல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை, வெறும் கண்ணே போதும். நல்ல வேளையில் எந்த நட்சத்திரத்தையும் விடப் பிரகாசமாகத் தெரியும். விமானத்தைப் போல் மினுக்கி மினுக்கி அணையாது. ஒரே சீராக நகர்ந்து செல்லும்.

ஆனால் இந்த வாய்ப்பு என்றென்றும் இருக்கப் போவதில்லை. அந்த நிலையத்தை 2030ஆம் ஆண்டு வரை இயக்கிவிட்டு, அதன் பின்னர் பசிபிக் கடலில் இறக்கிவிட வேண்டும் என்பதுதான் நாசாவின் திட்டம். இன்று முதலாம் ஆண்டில் கால் வைக்கும் பிள்ளை ஆறாம் ஆண்டை முடிக்கும் காலத்தில் அது வானத்தில் இல்லாமலும் போகலாம். ஆகவே, பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துவிட வேண்டும்.

கடைக்காரர் சொல்வதும் சொல்லாததும்

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலைக்குப் போகிறார். மகளுக்கு வானத்தின் மீது ஆசை. ஈப்போவில் ஒரு கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் என்ன சொல்வார்? "இதில் 108 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது, அதில் 200 இருக்கிறது, இதில் நிலாவையே பெரிதாக்கிப் பார்க்கலாம்" என்பார். தவணைக்கும் வழி சொல்வார். துணைக்கோளம் தேடுவதற்குக் கேமரா தேவையே இல்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

துணைக்கோளம் காட்டும் செயலி கேமராவால் வானத்தைத் தேடுவதில்லை. அது கணக்குப் போடுகிறது. இன்ன நேரத்தில் துணைக்கோளம் இன்ன இடத்தில் இருக்கும் என்ற கணக்கு அதனிடம் உண்டு. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், திறன்பேசியை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால், திரையில் அம்புக்குறி போட்டு வழி காட்டிவிடும்.

இதற்கு நான்கு கருவிகள் வேண்டும். ஒன்று, இடம் காட்டும் ஜி.பி.எஸ். இது இன்று ஏறக்குறைய எல்லாத் திறன்பேசியிலும் உண்டு. இரண்டு, முடுக்கமானி. திறன்பேசி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்வது இதுதான். இதுவும் பொதுவாக எல்லாவற்றிலும் இருக்கும். மூன்று, காந்த உணரி. வடக்கு எது என்பதைச் சொல்லும் மின்னணுத் திசைகாட்டி இது. நான்கு, கைரோஸ்கோப் என்னும் சுழல் உணரி. நீங்கள் திரும்பும்போது திரையில் உள்ள வானமும் குலுங்காமல், தாவாமல் கூடவே திரும்புவதற்கு இது உதவுகிறது.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் விட்டுப்போவது பெரும்பாலும் மூன்றாவதும் நான்காவதும்தான். கேமராவின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, பெட்டியின் மேல் யாரும் தேடிப் படிக்காத இந்த உணரிகளில் கையை வைத்துவிடுகிறார்கள். ஐபோனில் இந்தத் தொல்லை இல்லை. 2010இல் வந்த ஐபோன் 4 முதற்கொண்டே நான்கும் சேர்ந்திருக்கின்றன. அதற்காகப் புதிய ஐபோன்தான் வாங்க வேண்டும் என்று பொருளில்லை. செயலிகளை ஏற்கும் நிலையிலுள்ள பழைய ஐபோனே போதும். உணரிகள் முழுமையாக உள்ள நடுத்தர விலை ஆண்ட்ராய்டும் போதும்.

காசு கொடுப்பதற்கு முன் மூன்று சோதனை

முதலாவதாக, வீட்டிலிருந்து புறப்படும் முன்பே அந்த மாடலின் விவரப் பட்டியலை இணையத்தில் பாருங்கள். ஜி.எஸ்.எம். அரீனா போன்ற தளங்களில் 'சென்சார்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'கைரோ', 'காம்பஸ்' என்ற இரண்டு சொற்களும் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் வேறு மாடலைப் பாருங்கள்.

இரண்டாவது, கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் திறன்பேசியில் வரைபடச் செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். நீலப் புள்ளியிலிருந்து டார்ச்லைட் வெளிச்சம்போல் ஒரு பட்டை தெரியும். நின்ற இடத்திலேயே நீங்கள் சுற்றும்போது அந்தப் பட்டையும் சுற்றினால் திசைகாட்டி உண்டு. புள்ளி மட்டும் இருந்து பட்டை வராவிட்டால் சந்தேகப்படுங்கள். கடைக்குள் இரும்பு அலமாரிகள் இருக்கும். ஆகவே கடைக்காரரின் அனுமதியோடு ஐந்தடிக்கு வந்து பாருங்கள்.

மூன்றாவது, யூடியூப்பில் 360 பாகைக் காணொளி ஒன்றைப் போட்டு, திறன்பேசியை மெல்ல நகர்த்துங்கள். காட்சியும் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் கைரோஸ்கோப் இருக்கிறது. நின்று நின்று தாவினாலோ, அசையவே இல்லையென்றாலோ, இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகளை முதலில் வீட்டில் இருக்கும் பழைய திறன்பேசியில் செய்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'பைபாக்ஸ்' என்ற இலவசச் செயலியைப் போட்டால், திறன்பேசியில் எந்த உணரி இருக்கிறது, எது இல்லை என்று அதுவே காட்டிவிடும். அண்ணனுடைய பழைய திறன்பேசியிலேயே எல்லாம் இருந்தால், புதிது வாங்கும் செலவே மிச்சம்!

நல்ல கருவியும் பொய் சொல்லும்

சிலர் விலை உயர்ந்த திறன்பேசியை வாங்கிவிட்டு, "அம்புக்குறி கிழக்கே காட்டியது, துணைக்கோளம் வடக்கே போனது" என்று நொந்துகொள்கிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி திறன்பேசி அல்ல, அதன் உறைதான். மூடித் திறக்கும் உறையில் ஒரு காந்தம், பின்னால் ஒட்டும் வளையத்தில் ஒரு காந்தம். திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே காந்தத்தை வைத்தால் அது எப்படி வடக்கைக் காட்டும்? உறையைக் கழற்றுங்கள். கார், இரும்புக் கேட், துத்தநாகக் கூரை இவற்றிலிருந்து தள்ளி நில்லுங்கள். திறன்பேசியை எட்டு என்ற எண்ணைப் போல் காற்றில் சில முறை சுழற்றுங்கள். அதன் பிறகும் பத்துப் பாகை வரை பிழை இருக்கலாம். கையை நீட்டி, முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய பத்துப் பாகை. விண்வெளி நிலையம் போன்ற பிரகாசமான பொருளைப் பிடிக்க இந்தப் பிழை ஒரு பொருட்டே அல்ல.

செயலிகளைப் பொறுத்தவரை, ஸ்டெல்லேரியம், ஐ.எஸ்.எஸ். டிடெக்டர், ஆண்ட்ராய்டுக்கு உரிய ஹெவன்ஸ் அபவ், 2023இல் நாசா வெளியிட்ட ஸ்பாட் த ஸ்டேஷன் ஆகியவை பயன்படும். ஒன்றை நினைவில் வையுங்கள். துணைக்கோளங்களின் பாதை மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். விண்வெளி நிலையத்தை அவ்வப்போது உந்தி உயர்த்துவார்கள். ஆகவே பார்க்கப் போகும் நாளில் இணையத்தோடு இணைத்துத் தரவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். திறன்பேசியின் நேரமும் சரியாக இருக்க வேண்டும். ஒரு நிமிடம் பிசகினால் நிலையம் 450 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும்.

இன்னோர் எச்சரிக்கை. "உங்கள் வீட்டைத் துணைக்கோளத்திலிருந்து நேரலையாகப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டும் செயலிகளை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட நேரலை பொதுமக்களுக்குக் கிடையாது. வானம் காட்டும் செயலிக்கு நீங்கள் நிற்கும் இடம் தெரிந்தால் போதும். உங்கள் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். அதேபோல், துணைக்கோளம் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி என்று சில உயர்ரகத் திறன்பேசிகளில் விளம்பரம் செய்கிறார்கள். அது எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. நம் நாட்டில் கிடைக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

லகாட் வானம்

இனி நம் ஊருக்கு வருவோம். லகாட் கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேற்கே கிளேடாங் மலைத்தொடர். கிழக்கே தொலைவில் தித்திவங்சா. வடகிழக்கில் ஈப்போவின் வெளிச்சம். ஆகவே அடிவானத்தை ஒட்டிப் போகும் துணைக்கோளத்தைத் தேடி ஏமாற வேண்டாம். செயலியில் உயரம் 30 பாகைக்கு மேல் என்று காட்டும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நேரமும் முக்கியம். துணைக்கோளத்திற்குச் சொந்த ஒளி கிடையாது; நமக்கு இருட்டிய பிறகும் அதன் மேல் வெயில் படுவதால்தான் தெரிகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குச் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்த வாய்ப்பு விரைவில் முடிந்துவிடும். மாலையில் ஏறக்குறைய 7.45 முதல் 8.45 வரை, விடியலில் 5.45 முதல் 6.45 வரை என்று வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் விண்வெளி நிலையத்தைத் தேடிப் பயனில்லை.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. ஹப்பிள் தொலைநோக்கி பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளின் மேலேயே சுற்றுகிறது. லண்டனில் இருப்பவர்களால் அதைப் பார்க்க இயலாது. லகாட்டில் இருப்பவர்களால் இயலும். 2022இல் கட்டி முடிக்கப்பட்ட சீனாவின் தியான்கோங் நிலையமும் நம் வானில் வரும். முத்துமாலை போல் வரிசையாகப் போகும் விளக்குகளைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் துணைக்கோளங்கள் அப்படித்தான் தெரியும்.

சிலர் அஸ்ட்ரோ தட்டைத் திருப்பி வைக்கவும் இதே திறன்பேசியை நம்புகிறார்கள். அஸ்ட்ரோ ஒளிபரப்பைச் சுமக்கும் மியாசாட் துணைக்கோளங்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. லகாட்டிலிருந்து கணக்கிட்டால், வடக்கிலிருந்து வலமாக 245 பாகை, அதாவது மேற்குக்கும் தென்மேற்குக்கும் இடையில். உயரம் 77, 78 பாகை. கிட்டத்தட்ட உச்சிக்கு அருகில். ரம்புத்தான் கிளை மறைக்கிறதா என்று பார்க்கத் திறன்பேசி உதவும். ஆனால் தட்டின் பார்வை அகலம் ஏறக்குறைய மூன்று பாகைதான். கடைசித் திருத்தத்தை அலைவரிசைப் பெட்டி காட்டும் சமிக்ஞை அளவைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கூரை மேல் ஏறும் வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

திறன்பேசி இல்லாத பிள்ளைக்கு

திசைகாட்டி உள்ள திறன்பேசி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வது? அந்தப் பிள்ளை ஒதுங்கி நிற்கக் கூடாது என்பதற்காகவே இதைக் கடைசியில் சொல்கிறேன். உணரி ஒன்றும் இல்லாத சாதாரணக் கைப்பேசியிலும் செயலி ஒரு பட்டியல் கொடுக்கும். இத்தனை மணிக்கு, இந்தத் திசையில் தோன்றும், இத்தனை பாகை உயரம் ஏறும், இந்தத் திசையில் மறையும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிளேடாங் மலை மேற்கு. ஈப்போ வெளிச்சம் வடகிழக்கு. கிழக்கு பார்த்த ஆலயமாக இருந்தால் அதன் வாசலே உங்களுக்குத் திசைகாட்டி. உயரம் 40 பாகை என்றால், அடிவானத்திலிருந்து முட்டியின் மேல் முட்டியாக நான்கு வைத்து எண்ணுங்கள். அங்கே பாருங்கள், துணைக்கோளம் வரும்.

பெரியவர்கள் துணையோடு பள்ளித் திடலுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ போங்கள். பழைய ஈயக் குட்டைகளின் கரை திறந்தவெளியாக இருக்கிறதே என்று இருட்டில் அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள்.

ஆக, பெற்றோர்களே, கடைக்குப் போனால் கேமராவைக் கேட்பதற்கு முன் திசைகாட்டியைக் கேளுங்கள். கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் உள்ளதைச் சோதியுங்கள். வசதி இல்லையென்றால் தாளும் முட்டியும் போதும். இவற்றுள் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதோ அதைக் கொண்டு, மழை இல்லாத ஒரு மாலையில் பிள்ளையின் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தை எந்தக் கடையிலும் தவணையில் வாங்க முடியாது.