முற்பணம் கொடுக்க முன்னம் சபையில் கேளுங்க
(தோட்டக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் வந்து இறங்கியது மன்னார்க் கரையில்தான். அங்கே என் உறவுக்காரர் ஒருவர் மலிவாகக் கிடைக்குதென்று காணி வாங்கினார். உறுதியும் எழுதியாச்சு. வீட்டு வரைபடத்தைக் கொடுத்தபோது சபை மறுத்துவிட்டது. அது மழைத்தண்ணி ஓடும் பள்ளக் காணி!

சபைமேல் கோபப்பட்டு என்ன செய்வது? மன்னார் தீவு தாழ்ந்த மணல் பூமி. மேலே கொஞ்சம் நல்ல தண்ணி, அதற்குக் கீழே உப்புத் தண்ணி. நினைத்தபடி வீடுகள் நெருங்கினால் மலசலகூடக் குழி கிணற்றைக் கெடுக்கும். வெள்ளம் வடிய வழியிருக்காது.

அதனால்தான் காணி பிரிக்கவும், வீடு கட்டவும் நகர சபை, பிரதேச சபை அனுமதி வேண்டும் என்கிறார்கள். கடற்கரையிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பார்க்க வேணும்.

2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் சேவை செய்யலாம். ஆகவே லயத்தை விட்டுக் காணி தேடுறவங்க, உறுதியை மட்டும் நம்பாதீங்க. முதலில் சபைக்குப் போய், "இந்தக் காணியில் வீடு கட்டலாமா?" என்று கேளுங்க. காசு அதுக்குப் பிறகு.