முடிவெட்டும் கடையில் பிரஷர் மாத்திரை



பிரஷர் இருப்பது தெரிந்தும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின ஆண்களை இந்த நோய் மற்றவர்களைவிட அதிகம் தாக்குகிறது. மருத்துவத்தை அவர்கள் நம்பத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. டஸ்கீகி என்ற ஊரில், 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் வந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமலே கவனித்துக்கொண்டிருந்தது அரசின் சுகாதாரத் துறை. இது நடந்த நாட்டில், 'டாக்டரைப் போய்ப் பாருங்கள்' என்றால் எத்தனை பேர் போவார்கள்?

முடிவெட்டிக்கொள்ளப் போவார்கள். வருடக்கணக்காக ஒரே கடை, ஒரே நாற்காலி. லாஸ் ஏஞ்சலஸில் இதய மருத்துவர் ரொனால்ட் விக்டர் அந்தக் கடைகளைத்தான் தேடிப் போனார். 52 கடைகள், 319 வாடிக்கையாளர்கள். எல்லோருக்கும் பிரஷரின் மேல் அளவு 140 அல்லது அதற்கும் அதிகம். ஒரு பகுதிக் கடைகளில், பழக்கவழக்கத்தை மாற்றச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்லி, முடிவெட்டுபவரே எடுத்துச் சொன்னார். மற்ற கடைகளுக்கு மருந்தாளுநரே வந்தார். டாக்டர்களோடு செய்த ஒப்பந்தப்படி அங்கேயே மருந்து எழுதினார். பெரும்பாலும் முதலிலேயே அம்லோடிபினும் கூட இன்னொரு மருந்தும். போதவில்லையென்றால் மேலும் ஒன்று. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, உப்புச் சத்துகளின் அளவையும் கடையிலேயே பார்த்துக்கொண்டார்.

முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. ஆறு மாதத்தில், மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் 9 புள்ளிதான். அளவு 130/80-க்குக் கீழே வந்தவர்கள் மருந்தாளுநர் வந்த கடைகளில் நூற்றுக்கு 64 பேர் அளவில். அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் 12 பேர்கூட இல்லை.

இந்த இடைவெளிதான் என்னை உலுக்குகிறது. பழகிய மனிதர் அக்கறையோடு சொன்ன சொல் வீணாகவில்லை. ஆனால் உயிரைக் காக்க அது மட்டும் போதவில்லை. முகாம் போட்டு, அளந்து, சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் நோய் கட்டுப்பட்டுவிடாது. அளவு இறங்காதபோது மருந்தை உடனே மாற்ற ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே வந்து அளக்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அந்த அக்கா அடுத்த முறை வரும்போது மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். இன்றைய அளவு என்ன என்று கேளுங்கள். மாதாமாதம் 150-லேயே நிற்கிறதா? மருந்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.