நற்சான்றும் ஜாமீனும்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிறர் கடனுக்குப் பொறுப்பேற்பதை ‘ஜாமீன் நிற்றல்’ என்கிறோம். ‘ளாமின்’ என்னும் அரபுச் சொல்லே தமிழில் ஜாமீன் என வழங்குகிறது. ஒருவரை நல்லவர் என்று கூறுவது வேறு. அவர் தராவிடில் நாமே தருவோம் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை எது என்பதை ஆராய்ந்த பழைய அமெரிக்க வழக்கொன்றை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

நியூயார்க் நகர வணிகர்களான ராபர்ட் மர்ரே நிறுவனத்தார், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பெருமளவில் அரிசி கொள்முதல் செய்ய எண்ணினர். அங்கே அவர்களை அறிந்தவர் இலர். ஆகவே, ரோட் ஐலண்டைச் சேர்ந்த கிளார்க், நைட்டிங்கேல் என்னும் வணிகர்களை நாடினர். அவ்விருவரும் சார்ல்ஸ்டனிலிருந்த தம் நண்பர் நத்தானியேல் ரஸ்ஸலுக்கு 1796ஆம் ஆண்டில் கடிதம் எழுதினர். ‘இவர்கள் நாணயமானவர்கள், தவணை தவறாதவர்கள், தங்களுடன் செய்யும் உடன்பாட்டை முழுமையாக நிறைவேற்றுவர்’ என்பது அதன் சாரம்.

ரஸ்ஸல் நம்பி வணிகம் செய்தார். மர்ரே நிறுவனமோ நொடித்துப் போயிற்று. வரவேண்டிய பணத்துக்குக் கடிதம் எழுதியவர்களே பொறுப்பு என்று அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது கிளார்க் உயிருடன் இல்லை. அவருடைய உயிலை நிறைவேற்றுவோரே பதில் கூற வேண்டியதாயிற்று.

1812ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புரைத்தார். அக்கடிதம் அறிமுகமும் நற்சான்றுமே அன்றி ஜாமீன் ஆகாது. வணிகத்தில் ஆதாயம் ஏதும் பெறாத ஒருவரை மற்றவர் கடனைச் செலுத்தச் செய்ய வேண்டுமாயின், தம்மைப் பிணைத்துக்கொள்ளும் எண்ணம் அவர் சொற்களில் தெளிவாக விளங்க வேண்டும். பொய்யென அறிந்தே புகழ்ந்திருந்தால் அது வஞ்சகம். அதற்குப் பொறுப்பு உண்டு. ஆனால் அவ்வாறு மெய்ப்பிக்கப்படவில்லை.

தீர்ப்பின் நியாயத்தை ஏற்கிறோம். எனினும், நண்பரின் சொல்லை நம்பிய ரஸ்ஸலின் இழப்பு நம் நெஞ்சை உறுத்துகிறது. சட்டம் விடுவித்தாலும் நட்பு பிழைக்குமா?

ஆதலின் நாம் பரிந்துரைக்கும்போது, ‘குணத்தை அறிவோம், கடனுக்குப் பொறுப்பல்லோம்’ என்று வெளிப்படையாகக் கூறுவோம். பொறுப்பேற்பதாயின் தொகையையும் தவணையையும் எழுத்தில் குறிப்போம், வீட்டாரிடமும் தெரிவிப்போம். பிறர் பரிந்துரையை நம்பிப் பணம் தருமுன், ‘இது சான்றா, ஜாமீனா?’ என்று கூச்சமின்றிக் கேட்போம். அந்த ஒரு கேள்வியை முன்னரே கேட்டிருந்தால், பதினாறு ஆண்டுக் கசப்பு நேர்ந்திராது.