தும்பறையிலிருந்து பார்க்கும் கண்டி அரண்மனை



கண்டி அரண்மனை பற்றிய ஆய்வரங்கை மடவளையில் ஏன் வைக்கிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். நாம் அமர்ந்திருப்பது தும்பறை மண்ணில். 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தபோது கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஓடி ஒளிந்தது இந்தத் தும்பறைப் பக்கம்தான். 18ஆம் திகதி மெதமகாநுவரவுக்கு அருகே பிடிபட்டார். அந்த அரண்மனையின் கடைசி அத்தியாயம் நம் மலைகளில் முடிந்தது. இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

சிறுவயதில் வாப்பா என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போய், அரண்மனையின் சபை மண்டபமான மகுல் மடுவத்தின் தூண் ஒன்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தச் சொரசொரப்பு இன்னும் விரலில் இருக்கிறது. ராஜாதி ராஜசிங்கன் காலத்தில், 1783இல் தொடங்கிய மண்டபம் அது. தூணின் உச்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உத்தரத்தின் பாரத்தை வாங்கித் தூணுக்கு இறக்கும் மரத்துண்டு நான்கு புறமும் நீண்டு, நுனியில் தாமரை மொட்டாகக் கவிழ்ந்து தொங்கும். சிங்களத்தில் அதன் பெயர் பேக்கட. மதுரையிலோ வேலூரிலோ நாயக்கர் கால மண்டபத்துக்குள் போனால் இதே மொட்டு கல்லில் தொங்கும். அங்கே அது போதிகை. தெற்கே கல்லில் வாழ்ந்த வடிவம் இங்கே மரத்தில் வாழ்கிறது. யார் யாரிடம் கற்றார் என்று சண்டை பிடிப்பதைவிட, இரண்டையும் அளந்து, வரைந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது. அந்த வேலை போதிய அளவு நடக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

அந்த மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டி அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அதில் தமிழ் எழுத்துக் கலந்த கையொப்பங்கள் இருப்பதை நாம் அறிவோம். பின்னாளில் வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக ஆங்கிலேயர் மண்டபத்தை நீட்டினார்கள். ஆகவே இன்று நாம் காண்பது முழுக்க அரசர் கட்டியதல்ல.

எண்கோண மண்டபமான பத்திரிப்புவவையும், வயலை மறித்து 1812இல் முடித்த ஏரியையும், அலையலையாக ஓடும் முகில் மதிலையும் உருவாக்கியவர் தேவேந்திர மூலாச்சாரி. மதிலில் வரிசையாக உள்ள முக்கோண மாடங்கள் விளக்கேற்றுவதற்கு. பகலில் வெறும் சுவராகத் தெரிவது, இரவில் சுடர்களோடு ஏரி நீரில் மிதக்கும். ஏரி வெட்டிய குடிமக்களின் வேதனையையும் இந்த அழகோடு சேர்த்தே பேச வேண்டும்.

திரவியங்களுக்கு வருவோம். ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரே 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த சிம்மாசனம், கை வைக்கும் இடத்தில் இரு சிங்கங்களோடு, பொற்தகடு போர்த்தி மணிகள் பதித்தது. 1815இல் இங்கிலாந்து போனது, 1934இல் திரும்பியது. 1765இல் ஒல்லாந்தப் படை அரண்மனையைச் சூறையாடியபோது போன லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்தது, 2023 டிசம்பரில்தான் ஐந்து பொருட்களோடு நெதர்லாந்திலிருந்து கொழும்பு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல்! கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோ திரும்பவே இல்லை. 1832இல் வேலூரில் காலமாகி, பாலாற்றங்கரையில் அடங்கினார்.

ஆனால் அரண்மனை பொன்னால் மட்டும் ஓடவில்லை. உப்பும் கருவாடும் புடவையும் மலையேறியாக வேண்டும். மடிகே என்ற பொதிமாட்டுத் திணைக்களத்தில் தவளம் எனும் மாட்டு வரிசையை ஓட்டி அவற்றைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பகுதி முஸ்லிம்கள். நம் மூத்தாப்பாமார். அரசர்கள் நம்மவருக்கு நிலம் கொடுத்தார்கள், வைத்தியர்களாக வைத்துக்கொண்டார்கள். அரண்மனை வரலாற்றில் இவர்களுக்கு ஒரு வரியோ இரண்டு வரியோதான் கிடைக்கிறது. அது வரலாற்றாசிரியர்களின் குறை மட்டுமல்ல. சான்று நம் வீடுகளில் பூட்டிக் கிடந்தால் அவர்கள் எதை எழுதுவார்கள்?

பழைய சன்னஸ் என்ற அரச நிலப் பட்டயம், காணி உறுதி, ஓலை எதுவாயினும் கறையானுக்கு முன் நாம் முந்திக்கொள்ள வேண்டும். வாசலருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். பிற்பகல் தேநீர் வரை அங்கே படம் எடுத்துத் தருவார்கள். அசல் உங்கள் கையை விட்டுப் போகாது. இன்று கொண்டுவராதவர்கள் நாளை காலை கொண்டுவரலாம். முதல் கட்டுரையாளரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.