நானூற்று நாற்பத்தாறு புள்ளிகள்

இணைய விளையாட்டில் மந்திரவாதிக்கு உடுப்பு தேர்ந்தெடுப்பது ஒரு தேர்ந்த கலை. அதன் நுட்பம் நன்றாக வெளிப்பட்ட இடம் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் ‘ராத் ஆஃப் த லிச் கிங்’ விரிவாக்கம். 2008 நவம்பரில் பிளிசார்டு நிறுவனம் அதை வெளியிட்டது.

அதில் ஆட்டக்காரர் எட்டக்கூடிய உச்சநிலை 80. அந்த நிலையிலுள்ள மேஜ் என்னும் மந்திரவாதி ஒருவர் ‘பாஸ்’ எனப்படும் பெரிய எதிரி மீது நெருப்புக் குண்டு எறிந்தால், சராசரியாக நூற்றுக்கு 17 முறை குறி தவறும். காரணம், பாஸ் அவரைவிட 3 நிலை மேலே இருக்கிறது. இந்தத் தவறலைக் குறைப்பதுதான் ஹிட். தொப்பி, அங்கி, மோதிரம், மந்திரக்கோல் என்று பல பொருட்களில் அதன் புள்ளிகள் பிரிந்து கிடக்கும். 26.23 புள்ளிகள் சேர்ந்தால் 1 சதவீதம். 446 சேர்ந்தால் ஒரு குண்டும் தவறாது. அதற்குமேல் சேரும் புள்ளிகளால் பாஸுக்கு விழும் அடி துளியும் கூடாது.

இரண்டு மோதிரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 26 ஹிட், இன்னொன்றில் அடி பெருகி விழும் வாய்ப்பைக் கூட்டும் கிரிட் 26, மற்றதெல்லாம் சமம். 446 என்ற எல்லையை எட்டாத மேஜுக்கு 26 ஹிட் என்றால் மொத்தத் தாக்குதலில் 1 சதவீதத்துக்குச் சற்று அதிகமான ஆதாயம். கிரிட்டோ 1 சதவீதத்துக்கு 45.91 புள்ளிகள் கேட்கும். இயல்பான கிரிட் ஒன்றரை மடங்கு அடிதான். ஆகவே அந்த 26 கிரிட்டால் கிடைப்பது ஏறத்தாழ கால் சதவீதம். மந்திரத்தை விரைவுபடுத்தும் ஹேஸ்ட் 32.79 புள்ளிக்கு 1 சதவீதம் தரும். அது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இதோடு கணக்கு முடிந்துவிடாது. நெருப்பு மேஜுக்குக் கிரிட் விழுந்தால் ‘இக்னைட்’ என்ற திறன் மேலும் 40 சதவீதத்தை எரித்துத் தரும். அடுத்தடுத்து இரண்டு கிரிட் விழுந்தால் ‘பைரோபிளாஸ்ட்’ மந்திரம் காத்திருப்பே இல்லாமல் பாயும். ஹிட் எல்லையைத் தொட்டவுடன் அவர் கை கிரிட் மோதிரத்தைத் தேடிப் போவது இதனால்தான்.

கூட்டாளிகளும் இந்தக் கணக்கை மாற்றுவார்கள். மேஜ் தன் திறன் மரத்திலிருந்தே 3 சதவீத ஹிட் பெறலாம். குழுவில் உரிய திறன் எடுத்த ஷேடோ பிரீஸ்ட்டோ பேலன்ஸ் ட்ரூயிடோ (இவை வேறு வகை ஆட்டக்காரர்கள்) இருந்தால் இன்னொரு 3 சதவீதம். இருவரும் வந்தாலும் அந்த 3 மட்டுமே, இரட்டிப்பாகாது. ஆக 446 என்பது 289 ஆகிறது. அலையன்ஸ் தரப்பில் ஆடும் குழுவில் டிரெனை இனத்தவர் ஒருவர் கூட இருந்தால் 263 போதும். மிச்சமாகும் புள்ளிகளை ஹேஸ்ட்டாகவோ கிரிட்டாகவோ மாற்றிக்கொள்ளலாம். உடுப்பில் பதித்த மஞ்சள் ஹிட் கல்லைக் கழற்றிவிட்டு மந்திர வலிமையான ஸ்பெல் பவர் தரும் சிவப்புக் கல்லைப் பதிக்கலாம்.

இந்தக் கலையின் அழகு இங்கேதான் இருக்கிறது. ஒருவர் அணியும் மோதிரத்தின் மதிப்பைப் பக்கத்தில் நிற்பவர் தீர்மானிக்கிறார். உடுப்பைப் பார்த்து மட்டும் நல்ல மேஜ் யார் என்று சொல்லிவிட முடியாது.

2014இல் வந்த ‘வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனர்’ ஹிட்டை அடியோடு நீக்கியது. புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கூட்டாளியைக் கணக்கில் வைத்து உடுப்பு தேர்ந்தெடுக்கும் பயிற்சி அதோடு மங்கியது. 2022 செப்டம்பரில் ‘ராத்’ கிளாசிக்காகத் திரும்பியபோது அந்த 446உம் திரும்பியது. குழுவாகப் பாஸை எதிர்க்கும் ரெய்டுக்குக் கிளம்பும் மேஜ்கள் இன்றைக்கு யார் யார் வருகிறார்கள் என்று மறுபடியும் விசாரிக்கத் தொடங்கினார்கள்.