நிறை இறங்காமல் நின்றபோது

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பினர் எல்லோரும் ஒரே நிறச் சேலை கட்டுவதென்று சென்ற ஆண்டே தீர்மானித்தோம். சேலையைத் தெரிவுசெய்யும் வேலை இலகுவாக முடிந்தது. சட்டைக்கு அளவு கொடுக்கும் பேச்சு வந்தபோதுதான் எல்லோரும் மௌனமானோம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நாங்கள். எங்களில் இருவருக்கு நீரிழிவு, ஒருத்திக்கு உயர் இரத்த அழுத்தம், முழங்கால் நோ இல்லாதவர் குறைவு. ஆகவே யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ என்று நாலாபக்கமும் இருக்கும் எட்டுப்பேர் சேர்ந்து, தைப்பொங்கல் கழிந்த கையோடு நிறை குறைக்கத் தொடங்கினோம். தேநீரில் சீனியைக் குறைத்தோம். இரவுப் புட்டைப் பாதியாக்கினோம். நாள்தோறும் நடந்தோம். ரொறன்ரோக்காரி பனிக்காலம் முழுவதும் கடைத்தொகுதிக்குள்ளேயே நடந்தாள். ஞாயிறு காலையில் தராசில் ஏறி, இலக்கத்தை வட்ஸ்அப் குழுவில் போடுவது ஏற்பாடு.

முதல் மூன்று மாதங்களில் அநேகமானோருக்கு ஐந்து, ஆறு கிலோ குறைந்தது. பிறகு தராசு நின்றுவிட்டது. அதே சாப்பாடு, அதே நடை, அதே இலக்கம். ஒரு வாரம் இரண்டு வாரமல்ல, ஏழு வாரங்கள்.

அந்த ஏழு வாரங்களில் நாங்கள் செய்த பிழைகளைச் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறோம். ஒருத்தி இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டாள். இன்னொருத்தி முழங்கால் வீங்கும்வரை நடந்தாள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவள் மருந்தைப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தாள். விழாப் பாட்டு ஒத்திகையில், எங்கள் கண்முன்னே, இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கி விழுந்தாள். மற்றொருத்தி சொல்லாமல் கொள்ளாமல் குழுவிலிருந்து விலகினாள். தொலைபேசியில் கேட்டபோது, "ஒவ்வொரு ஞாயிறும் தேர்ச்சி அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி இருக்குதடி" என்றாள். ஐம்பது வயதில் புள்ளிக்குப் பயப்படும் பிள்ளையாக அவளை ஆக்கியவர்கள் நாங்கள்தான்.

எங்கள் வகுப்பில் படித்த வைத்தியர் ஒருத்தி அன்று எங்களை இருத்திவைத்து விளக்கினாள். அவளிடம் கற்றவற்றையும், பின்னர் நாங்கள் தேடி வாசித்தவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறோம்.

தொடக்கத்தில் விரைவாகக் குறைவதில் ஒரு பங்கு தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது செலவாகும்போது தண்ணீரும் வெளியேறுகிறது. அந்த வேகம் எவருக்கும் நீடிப்பதில்லை.

அடுத்தது, சிறிய உடலுக்குச் செலவும் சிறியது. 80 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்தவள், ஆறு கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு நடக்கிறாள். அதே வீதியில் அதே தூரம் நடந்தாலும் முன்னரைப்போலச் சக்தி செலவாகாது. அதற்கு மேலாக, உடல் பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணித் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியையும் கூட்டிவிடும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45இல் அன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆராய்ந்தார். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் அவர்கள் தங்கள் நிறையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்தனர். ஓய்வாக இருக்கும்போது அவர்களுடைய உடல் செலவிடும் சக்தியோ ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நிறை குறைந்த அளவைவிட அது அதிகம். நாள் முழுவதும் சாப்பாட்டு நினைவாகவே இருந்தார்கள். ஆகவே பட்டினி கிடந்து தராசை அசைக்க நினைப்பது, உடலை இன்னும் சிக்கனக்காரியாக்கும் வேலை.

மூன்றாவது, எங்கள் கணக்கு. 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், "எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் நிறை குறையவில்லை" என்றவர்கள் உண்மையில் உண்டதில் ஏறத்தாழ பாதியைத்தான் தம்மை அறியாமலே கணக்கில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மூன்று நாட்கள் வாய்க்குள் போனதெல்லாவற்றையும் எழுதிப் பார்த்தோம். தாளிக்கும்போது கைபோன போக்கில் ஊற்றிய எண்ணெய், மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. தொலைக்காட்சியின் முன்னால் ஒரு கைப்பிடி கச்சான், ஏறத்தாழ 170. சொதிக்கு விட்ட முதற்பால். பேரப்பிள்ளை மிச்சம் வைத்த புட்டு, வீணாகக் கூடாதென்று. எவளும் பொய் சொல்லவில்லை. தட்டில் போடாததைக் கணக்கிலும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு சிலவற்றை மாற்றினோம். மூன்று வேளையும் சாப்பிட்டோம். தட்டின் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்பங்குக்குச் சோறு, மற்றக் கால்பங்குக்கு மீன், முட்டை, பருப்பு, பயறு. எண்ணெயைக் கரண்டியால் அளந்தோம். நடையை நீட்டாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுத்தோம். கதிரையில் கைபிடிக்காமல் இருந்து எழும்புவது, தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி இறக்குவது. நிறை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. எங்கள் வயதில் அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். நேரத்துக்கு நித்திரைக்கும் போனோம். ஒருத்திக்குத் தைரொயிட் குறைபாடு இருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. சில மருந்துகளும் நிறையைக் கூட்டுவதுண்டு. ஆனால் எந்த மருந்தையும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. நீரிழிவு மருந்து எடுப்போர் சாப்பாட்டு முறையை மாற்றுமுன்பே வைத்தியரோடு பேச வேண்டும். ஒத்திகை நாளன்று நாங்கள் பயந்து கற்ற பாடம் அது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் ஞாயிறு இலக்கத்தை நிறுத்தியது. மாதம் ஒருமுறை நிறை பார்த்தோம், அளவு நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்தோம். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லதென்பார்கள். தராசு நின்ற மாதத்திலும் சிலருக்கு நாடா இறங்கியிருந்தது. படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, காலைச் சீனி அளவு என்ன என்பவற்றைக் குழுவில் எழுதினோம்.

இன்னொரு செய்தி எங்களுக்குப் பெரிய ஆறுதல் தந்தது. நீரிழிவு வரும் அபாயத்திலிருந்த 3,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வருவது 58 சதவீதத்தால் குறைந்தது. 80 கிலோவில் 7 சதவீதம் 5.6 கிலோ. தோற்றுவிட்டோம் என்று நாங்கள் அழுத இடம், அந்த இலக்கைத் தாண்டிய இடமாக இருந்தது. குறைத்ததைக் கூடவிடாமல் வைத்திருப்பதே பெரிய வேலை.

முடிவில் என்ன நடந்ததென்று கேட்பீர்கள். மூவருக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோ குறைந்தது. நால்வர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஒருத்திக்கு ஒரு கிலோ கூடியது. அதையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். குழுவைவிட்டுப் போனவள் திரும்பி வந்தாள். இதோ, இரண்டாம் வரிசையில் அதே நிறச் சேலையில் இருக்கிறாள்.

எங்கள் சட்டைகளைத் தைத்த அக்கா விஷயம் தெரிந்தவர். ஒன்றும் கேட்காமல், எல்லாச் சட்டைகளிலும் உள்மடிப்பில் இரண்டு விரல் துணி விட்டுத் தைத்திருந்தார். தங்கைமாரே, உங்கள் உடம்புக்கும் அந்த இரண்டு விரல் இடத்தைக் கொடுங்கள்.

வெளியே தேநீரும் ரோல்ஸும் காத்திருக்கின்றன. நாங்கள் ஆளுக்கு ஒன்று சாப்பிடுவோம், கணக்கிலும் எழுதுவோம்.